ஐம்பது பசு, ஒரே காளை

டிப்ளமோ படிக்கிற நமக்கு மாட்டைப் பற்றி என்ன கட்டுரை என்று சிரிக்க வேண்டாம். இது நம்ம சாம்பிளிங் கணக்குதான். சிப்காட்டுக்கு டிரெய்னிங் போனவர்களுக்குத் தெரியும், ஆயிரம் பீஸ் உள்ள லாட்டில் நாலே நாலை எடுத்து அளந்தால் லாட்டின் நிலவரம் சரியாகத் தெரியாது.

இயற்கையும் தலைமுறைக்கு ஒரு தடவை சாம்பிள் எடுக்கிறது. ஒரு ஜீனுக்கு இரண்டு வடிவம் இருந்தால் அவற்றை அல்லீல் என்கிறோம். காளையிடம் இரண்டும் இருந்தாலும் ஒரு கன்றுக்கு ஒன்றுதான் போகும், காசு சுண்டுகிற மாதிரி. பிறந்ததே நாலு கன்று என்றால், நாலுக்கும் ஒரே வடிவம் போய்ச் சேர எட்டில் ஒரு வாய்ப்பு. மற்றது வேறு மாட்டிடம் இல்லையென்றால் அந்தக் காளையோடு போச்சு. நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. சின்ன மந்தையில் அல்லீல் சதவீதம் இப்படியே தள்ளாடித் தள்ளாடி ஒருநாள் பூஜ்யத்தில் நிற்கும். இதுதான் ஜெனடிக் டிரிஃப்ட், தமிழில் மரபணு நகர்வு. 1931-ல் இதை விரிவாகக் கணக்குப் போட்ட சீவால் ரைட் என்ற அமெரிக்கரும் ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளியை ஆராய்ந்தவர்தான்.

நம்ம பக்கத்து ஆலம்பாடி மாட்டை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கரை ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய உழவு மாடு. டிராக்டர் வந்தது, கலப்பினத்துக்குச் சினை ஊசி வந்தது, இனம் சுருங்கிவிட்டது. அதைக் காப்பாற்றத் தருமபுரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் வெளியே எல்லோரும் கேட்பது "மொத்தம் எத்தனை மாடு மிச்சம்?" என்றுதான். கேள்வியே தப்பு என்பேன்.

கால்குலேட்டரை எடுங்கள். காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்தத் தலையால் வகுத்தால் மந்தையின் 'செயல் அளவு' வரும். 1 காளை, 50 பசு என்றால் 3.9. பசுவை 500 ஆக்கினாலும் 4-ஐத் தொடாது! அதே 50 பசுவுக்கு 10 காளை விட்டால் 33. மரபணு வேற்றுமை தலைமுறைக்கு 13 சதவீதம் கரைந்த இடத்தில் ஒன்றரை சதவீதம்தான் கரையும்.

ஆனால் ஊரில் முதலில் விற்பது காளைக் கன்றைத்தானே? பால் தராது, தீனி மட்டும் தின்னும் என்பார்கள். விற்கிறவரைக் குறை சொல்லி லாபமில்லை. உதவித்தொகை கொடுப்பதானால் பொலிகாளை வைத்திருப்பவருக்கு முதலில் கொடுக்கட்டும், அதுவும் ஊருக்கு ஊர் வேறு வேறு வம்சமாகப் பார்த்து. ஆலம்பாடி சினை ஊசி போட்டாலும் பல காளைகளின் விந்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எருது விடும் விழாவுக்கென்று நம்ம மாவட்டத்தில் செல்லமாக வளர்க்கிற காளைகளில் அசல் ஆலம்பாடி இருந்தால், பொங்கல் முடிந்ததும் பொலிக்கு விடலாமே.