முதுகில் ஏறும் கருவி யார் கையில்?

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்குத் துண்டைச் சுருட்டி வைக்கும் சும்மாடுதான் பழகிய துணைக்கருவி. உலகின் பெரும் ஆலைகளிலோ உடல்மேல் அணியும் தாங்கு அங்கிகள் வந்துவிட்டன. 2018இல் ஃபோர்டு நிறுவனம் ஏழு நாடுகளில் உள்ள 15 ஆலைகளில் கைகளைத் தாங்கும் அங்கிகளை அறிமுகப்படுத்தியது. குனிந்து தூக்குவோருக்கான வகையும் உண்டு. அது முதுகின் பளுவில் ஒரு பகுதியை மார்புக்கும் தொடைக்கும் மாற்றுகிறது. பளு மறைவதில்லை, இடம் மாறுகிறது.

இக்கருவிகளைக் கண்டு தொழிலாளர்கள் தயங்கினால், முன்னேற்றத்தின் எதிரிகள் என்று பழி சுமத்த நிர்வாகங்கள் தயங்குவதில்லை. தயக்கத்திற்குக் காரணம் இருக்கிறது. முன்பு இடுப்புப் பட்டையும் இதே வாக்குறுதியோடுதான் வந்தது. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல் அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. பட்டை முதுகுக் காயத்தைக் குறைக்கவில்லை என்று அதன் ஆய்வு 2000ஆம் ஆண்டில் கூறியது.

மட்டாஞ்சேரிக்கு இதைவிடப் பழைய அனுபவம் உண்டு. அதன் பெயர் சாப்பா. அந்த உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்தில் வீசியெறிவான். முட்டி மோதிப் பற்றியவனுக்கே அன்றைய வேலை. அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த துறைமுகத் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்டணி ஆகியோர் அப்போராட்டத்தின் தியாகிகள். வில்லை வெறும் தகரம்தான். அதை வழங்கும் அதிகாரம் யாரிடம் என்பதற்காகவே ரத்தம் சிந்தப்பட்டது.

இன்றைய அங்கிகள் சிலவற்றில் உணரிகளும் உண்டு. எத்தனை முறை குனிந்தார், எப்போது ஓய்ந்து நின்றார் என்று பதிவு செய்யும் கருவி முதுகையும் காக்கலாம், கங்காணி வேலையும் பார்க்கலாம்.

கேரளத்தில் ஒருவர் சுமக்கும் எடையின் உச்சவரம்பு 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைக்கப்பட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்த அளவு இது. நமக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. அங்கி வந்த மறுநாளே, ‘இனி எழுபது கிலோ தூக்கலாமே’ என்ற வாதமும் வரும். அதற்கு இம்மியும் இடம் தரலாகாது. கொச்சியின் புழுக்கத்தில் மார்பை இறுக்கும் பட்டையோடு முழு நாளும் உழைக்க முடியுமா என்பதை, அணிபவர் அன்றி வேறு எவரும் தீர்மானிக்க இயலாது. ஆகவே சங்கத்தின் ஒப்புதலின்றிச் சோதனை ஓட்டம்கூடக் கூடாது. செலவு முதலாளியுடையது, பதிவுகள் தொழிலாளியுடையவை. அணிய மறுப்பவரின் கூலியில் கை வைக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற வேண்டும்.