தகப்பனாருக்கு ஒரு பாட்டு

இசைத்தட்டின் உறையில் வித்வானுடைய படத்தைப் போடுவதுதான் சாதாரண வழக்கம். ஹோரஸ் ஸில்வர் என்னும் அமெரிக்கப் பியானோ வித்வானின் 'ஸாங் ஃபார் மை ஃபாதர்' என்ற தட்டு 1965-ம் வருஷத்தில் வெளிவந்தது. அதன் உறையில், தொப்பியும் வாயில் சுருட்டுமாக ஒரு பெரியவர் வீற்றிருக்கிறார். அவர் ஸில்வரின் தகப்பனார்.

அவருடைய தாயகம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டி தீவுகள். ஜனங்களே இல்லாமல் கிடந்த அத்தீவுகளில் பதினைந்தாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் குடியேறி, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். எஜமானரின் பாஷையும் அடிமைகளின் தாளமும் கலந்து அங்கே ஒரு சங்கீதம் பிறந்தது. அதே போர்ச்சுகீசியர் அதே கொடுமையை அக்கரையில் பிரேஸிலிலும் செய்தார்கள். அங்கும் ஒரு சங்கீதம் பிறந்தது. இரண்டையும் பிரிந்து வளர்ந்த சகோதரிகள் என்றே சொல்லலாம்.

பெரியவர் அமெரிக்காவில் குடியேறினார். 'ஸில்வா' என்ற குடும்பப் பெயர் 'ஸில்வர்' ஆயிற்று. ஆனால் வீட்டில் வயலினும் கித்தாரும் தாயகத்து மெட்டுக்களையே பாடின. அம்மெட்டுக்களை ஜாஸ் முறையில் அமைக்கும்படி மகனிடம் அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். மகனுக்கோ அதில் மனம் செல்லவில்லை. வீட்டுச் சங்கீதம் எந்தத் தேசத்துப் பிள்ளைகளுக்கும் சற்று இளப்பமாகத்தான் தோன்றும் போலிருக்கிறது!

1964-ல் ஸில்வர் பிரேஸிலுக்குப் போனார். ரியோ டி ஜெனிரோவில் கேட்ட 'பாஸா நோவா' தாளம் அவரை மயக்கிவிட்டது. திரும்பி வந்ததும் அந்தத் தாளத்திலே ஒரு பாட்டு அமைக்க உட்கார்ந்தார். அமைத்த பிறகு பார்த்தால், தாளம் பிரேஸிலுடையது. மெட்டின் சாயலோ தகப்பனார் வீட்டில் வாசித்தது!

அவ்வருஷம் அக்டோபர் 26-ந் தேதி அதைப் பதிவு செய்தார்கள். பியானோவின் இடது கையும், பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியமும் ஒரு சிறு ஸ்வரக் கோவையை ஜதி போல் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. அதன்மேல் டிரம்பெட்டும் ஸாக்ஸஃபோனும் இணைந்து மெட்டை வாசிக்கின்றன. ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கக் கூடிய மெட்டு. வித்தை காட்டும் ஆவல் அதில் துளியும் இல்லை. பின்னர் ஜோ ஹெண்டர்ஸனின் ஸாக்ஸஃபோன் நிதானமாகத் தொடங்கிக் கர்ஜனை வரையில் போகிறதே, அதற்காகவே இந்தத் தட்டை வாங்கலாம். கல்கத்தாவின் பெயர் தாங்கிய உருப்படி ஒன்றும் இதில் உண்டு. அதில் கல்கத்தாவைத் தேடுவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

1965-ல் ஸில்வர் 'தி கேப் வெர்டியன் ப்ளூஸ்' என்ற பெயரிலேயே இன்னொரு தட்டைப் பதிவு செய்தார். அப்போது அத்தீவுகள் போர்ச்சுகலின் ஆட்சியில்தான் இருந்தன. அவை சுதந்திரம் பெற்றது 1975-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி.