பாட்டன் பெயரும் பழைய எழுத்தும்

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் ஜேர்மானிய வழித்தோன்றல்கள் பலர், குடும்பப் பெயரொன்றையே பற்றிக்கொண்டு பூர்வீகம் தேடுகின்றனர். பெயரோ நிலையாதது. கடல் கடந்த முல்லர் மில்லர் ஆனார். ஊரே உறுதியான பற்றுக்கோடு. ஜேர்மன் பேரரசு முழுவதற்கும் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு வந்தது 1876இலேதான். அதற்கு முந்திய ஞானஸ்நானமும் மணமும் அடக்கமும் அவ்வவ்வூர்த் தேவாலய ஏடுகளிலேயே கிடக்கின்றன. ஊரறியாதார்க்கு 1850 முதல் 1934 வரையான ஹம்பேர்க் துறைமுகப் பயணிகள் பட்டியல் கைகொடுக்கும். பிரேமன் துறைமுகத்துப் பழைய பட்டியல்களையோ, வைக்க இடமில்லையென்று அதிகாரிகளே அழித்துவிட்டனர்! சுவடிகளைக் கறையானுக்கு ஈந்த நாம் அவர்களை நகைத்தல் தகாது.

ஊரறிந்து ஏட்டைத் திறந்தாலும் இடர் தீராது. அவை 'குரெண்ட்' என்னும் பழைய கையெழுத்தில் அமைந்தவை. அதில் அவர்தம் எகரமும் நகரமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். 1941இல் அவ்வெழுத்தைப் பள்ளிகளினின்றும் நீக்கினர். இன்று ஜேர்மானியரே அதனைப் படிக்க இடர்ப்படுகின்றனர். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளோடு பழகிய எனக்கு இவ்விடர் புதிதன்று. மெய்யோ உயிர்மெய்யோ என்பதை, பொருளுணர்ந்தன்றோ நாம் துணிகிறோம்?

ஆதலால், பிறர் பெயர்த்தெழுதிய பட்டியலை மட்டும் நம்புவதை என் மனம் ஒப்பவில்லை. ஓரெழுத்துப் பிழைப்பின் அயலான் பாட்டனாகிவிடுவான். தேடுவோர் அவ்வெழுத்தைத் தாமே கற்று, பாட்டன் பெயரைத் தம் கண்ணாலேயே வாசிக்கட்டும்.