மெழுகு பிடிப்பது நம் வேலை

"அத்தை, நம்ம சுவாமிமலையில ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சா கவர்மென்ட்ல எவ்வளவு குடுப்பாங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அண்ணன் மகளிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. அவள் இருப்பது அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் பேசுகிறாள். எனக்குத்தான் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது.

"தாத்தா வீடு பூட்டியே கிடக்கு. கொல்லைப்புறம் வேற அவ்வளவு இடம். ஃபீஸ் வாங்காத நல்ல ஸ்கூல் ஒண்ணு வைக்கணும்னு ரெண்டு பேரும் பேசிட்டிருக்கோம். இங்க என் பிள்ளைங்க படிக்கிறது சார்ட்டர் ஸ்கூல் அத்தை. நாலஞ்சு டீச்சருங்க சேர்ந்து அப்ளிகேஷன் போட்டு, கிராண்ட் வாங்கி ஆரம்பிச்சதுதான். அங்கயும் அப்படி ஏதாவது இருக்குமில்ல?"

"கேட்டுச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன். குழம்பைக் காப்பாற்றிவிட்டேன். கேள்வி மட்டும் ஒரு வாரமாக விடவில்லை.

முதலில் அந்த சார்ட்டர் பள்ளி என்னவென்று பார்ப்போம். சில ஆசிரியர்களோ பெற்றோர்களோ சேர்ந்து, 'இந்த மாதிரி ஒரு பள்ளி நடத்துகிறோம், பிள்ளைகளுக்கு இன்னின்ன சொல்லித் தருவோம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அனுமதி தரும் அமைப்பு அதைப் படித்துப் பார்த்து ஒப்பந்தம் போடும். பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, செலவுக்கு அரசுப் பணம் வரும். சொன்னபடி நடக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்துவிடும், பள்ளியை மூட வேண்டியதுதான். அமெரிக்காவில் இதற்கு முதன்முதலில் சட்டம் போட்டது அவள் இருக்கும் மின்னசோட்டாதான், 1991-ல். அடுத்த வருஷமே செயின்ட் பால் நகரத்தில் முதல் பள்ளி திறந்தது. 1994-ல் அந்நாட்டு மத்திய அரசு, புதுப் பள்ளி தொடங்குகிறவர்களுக்கென்று போட்டி முறையில் மானியமும் அறிவித்தது. 'சாதாரண அரசுப் பள்ளிக்குப் போக வேண்டிய பணம் இங்கே போகிறதே' என்று அங்கே சண்டையும் உண்டு. அது இன்னும் ஓயவில்லை.

நம் பக்கம் திரும்பினால் ஒரு வேடிக்கை. அங்கே கதவு திறந்த அதே சமயத்தில்தான் இங்கே கதவு மூடியது. நம் ஊரில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. உங்களில் பலர் அப்படி ஒரு பள்ளியில் படித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆனால், 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று தமிழ்நாட்டில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதன் பிறகு வந்தவை எல்லாம் சுயநிதிப் பள்ளிகள். அண்ணன் மகளின் கேள்விக்கு நேரான பதில் என்றால், பைசா கிடைக்காது.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. பள்ளி நடத்த அரசிடம் மானியம் கேட்கும் வழக்கத்துக்கே நம் தஞ்சாவூர் ஒரு தொடக்கப் புள்ளி. அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் பள்ளிக்கூட யோசனையை எடுத்தார். சுவார்ட்ஸ் பாதிரியார் முன்னின்று நடத்தினார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று மூன்று இடங்களில் ராஜாக்களின் சம்மதத்தோடு ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. 1787-ல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள், பள்ளி ஒன்றுக்கு வருஷம் 250 வராகன் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். இதே நோக்கத்தில் வேறு யார் பள்ளி திறந்தாலும் அவர்களுக்கும் அதே மாதிரி கொடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். 1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை இந்த மானிய முறையை நாடு முழுமைக்கும் கொண்டு போனது. பிறகு சென்னை மாகாணத்தில், இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, தேறின தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்த காலமும் இருந்தது. அப்போது இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வாத்தியார் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, மானியம் வேண்டாம், சொந்தக் காசில் தொடங்கலாமே என்றால் அதற்கும் சான்றுகள் வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு. 'அத்தனை ஆபீஸுக்கு யார் அலைவது' என்று எரிச்சல் வருகிறவர்கள், பக்கத்துக் கும்பகோணத்தில் காசிராமன் தெருவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். 2004 ஜூலை 16-ம் தேதி அங்கே ஒரு பள்ளியின் கூரை பற்றி எரிந்ததில் 94 குழந்தைகள் போனார்கள். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் உலை வைக்க மனசு வரவில்லை. அந்த நான்கு காகிதங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டன் காலத்து ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு அவற்றை வாங்குவது லேசில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன்.

"அப்போ இந்தியாவுல போட்டி போட்டு வாங்கற கிராண்டே கிடையாதா அத்தை?"

உண்டு. உதாரணத்துக்கு, அடல் டிங்கரிங் லேப். 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள பள்ளிகள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். தேர்வானால் 20 லட்சம் ரூபாய் என்றார்கள். அதில் 10 லட்சம் கூடம் அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்து வருஷம் நடத்த. பிள்ளைகள் கையால் ரோபோ செய்து பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால், விண்ணப்பிக்கும்போதே சமவெளிப் பள்ளியில் 1500 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். வகுப்பறையே போதாமல் மரத்தடியில் பாடம் நடத்துகிற பள்ளி எங்கே போகும்? போட்டி மானியத்தில் உள்ள சங்கடம் இதுதான். இல்லாதவனுக்காக அறிவிக்கிறார்கள், ஓரளவு இருக்கிறவன்தான் வாங்க முடிகிறது. விண்ணப்பத்தை நன்றாக எழுத ஆள் இருக்கிற பள்ளி முன்னால் நிற்கும். எழுதத் தெரியாத பள்ளிக்குத்தான் தேவை அதிகமாக இருக்கும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்வதற்காகத் தேடியபோதுதான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். அதன்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இது பலருக்குத் தெரியும். அடுத்து 22-வது பிரிவு. அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும். அரசு அந்தப் பள்ளிக்கு ஒதுக்கும் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அதுவே அடிப்படை. எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், இன்னும் எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்ட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று மூன்று வருஷத்துக்கு எழுத வேண்டும் என்கிறது மத்திய அரசின் மாதிரி விதி.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய ஊரில் நாலு பேர் சேர்ந்து எழுதுகிற விண்ணப்பத்துக்குச் சமமான ஒன்றை எழுதும் உரிமையை இங்கே சட்டம் தாய்மார்கள் கையிலேயே கொடுத்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்?

மற்றவர்களை விடுங்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு என் இளைய மகன் படித்த பள்ளியில் அந்தக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். கூட்டத்துக்குப் போவேன். பிஸ்கட்டும் டீயும் வரும். ஒரு நோட்டை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன். ஒருமுறை வளர்ச்சித் திட்டம் என்று பல பக்கங்கள் காலியாக இருந்த படிவம் வந்தது. "அப்புறம் நிரப்பிக்கிறோம்மா" என்றார்கள். அதிலும் போட்டேன். அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை போதாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். திட்டத்தில் 'கழிவறை தேவை' என்று இரண்டே வார்த்தைதான் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. எத்தனை பெண் பிள்ளைகள், இருப்பது எத்தனை, அதில் தண்ணீர் வருவது எத்தனை, ஒன்றுமே எழுதவில்லை. என் மகன் படிப்பை முடித்து வெளியே வரும்வரை புதிதாக ஒன்றும் வரவில்லை. பணம் ஒதுக்காதவர்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். கேட்க வேண்டிய காகிதத்தில் வெற்றுக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

எங்கள் ஊரில் விக்கிரகம் வார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து மெழுகிலேயே முழு உருவமும் செய்துவிடுவார்கள். விரல், நகம், காதில் தோடு எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதன்மேல் காவிரி வண்டல் பூசி, மண் அப்பி, கம்பி கட்டிக் காய வைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் போகும். ஊற்றுவதற்குக் கொஞ்ச நேரம்தான். மெழுகு பிடிப்பதற்குத்தான் நாள் கணக்கு. மெழுகில் இல்லாத விரல் உலோகத்தில் தானாக முளைக்காது.

மானியமும் அப்படித்தான். பணம் கடைசியில் ஊற்றுகிற உலோகம். யாருக்கு, எதற்கு, எத்தனை, யார் பார்த்துக்கொள்வார்கள், பணம் தீர்ந்த பிறகு எப்படி ஓடும் என்று எழுதுவது மெழுகு வேலை. அமெரிக்காவின் அந்த மானிய விண்ணப்பத்திலும், மானியம் முடிந்த பிறகு பள்ளியை எப்படி நடத்துவாய் என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். அதற்குப் பதில் எழுதத்தான் அவர்கள் ரொம்பத் திணறினார்கள் என்று அண்ணன் மகள் சொன்னாள்.

இந்த ஞாயிறு மறுபடி பேசினோம். விவரமெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்.

"அப்போ புது ஸ்கூல் வேண்டாங்கறீங்களா?"

"வேண்டாங்கலம்மா. ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஃபீஸ் கிடையாது, சம்பளம் வாங்கற டீச்சர் இருக்காங்க, மத்தியானம் சாப்பாடு இருக்கு. அதுக்கு எழுதத்தான் ஆள் இல்ல. நீ அங்க உட்கார்ந்து எழுதிப் பழகினவ. என்னென்ன எழுதணும்னு எனக்குச் சொல்லிக் குடேன்."

சிரித்தாள். "அத்தைக்கு நான் சொல்லிக் குடுக்கறதா?"

"அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊருடி இது" என்றேன்.

இப்போது எங்கள் தெருக் குழந்தைகள் போகும் பள்ளியின் குழுவில் இருக்கும் இரண்டு தாய்மார்கள், நான், வாட்ஸ்அப்பில் அவள், ஆக நாலு பேர். இந்த வாரம் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு நோட்டுடன் போகிறோம். வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, எத்தனை கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது என்று எண்ணப் போகிறோம். பணம் வருமா என்று தெரியாது. ஆனால், இந்தத் தடவை காலிப் படிவம் போகாது.

தாத்தா வீட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கத் திண்ணையையாவது திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம், துடைப்பம் போதும்.

உங்கள் தெருப் பிள்ளைகள் போகும் பள்ளியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். "நம்ம பள்ளியோட வளர்ச்சித் திட்டத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார், படிச்சுப் பார்க்கணும்." கோபமாக வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.