ஆங்கிலம் கற்பிக்கப் போன பிள்ளை அடுத்து என்ன செய்வது?

யப்பானின் சிமனே மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் எனது தமக்கையின் மகள் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். மூன்றாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்பதைக் குளிர்காலம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "நான் என்ன செய்ய, மாமா?" என்று கேட்டாள். ரொறன்ரோவில் இருக்கும் தாயிடம் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "காணும், வந்து சேர்" என்பதே அது.

அவள் சென்றது 1987 இல் தொடங்கப்பட்ட, 'ஜெற்' என அழைக்கப்படும் யப்பானிய அரச திட்டத்தின் கீழ். ஒப்பந்தம் ஓராண்டுக்கே எழுதப்படும். ஆகக் கூடியது ஐந்து ஆண்டுகள். வகுப்புக்குப் பொறுப்பானவர் யப்பானிய ஆசிரியர். இவள் உதவி ஆசிரியை. ஐந்தாம் ஆண்டிலும் உதவி ஆசிரியைதான். ஆகவே அடுத்தது என்ன என்ற கேள்வி அவளது குணக்குறையால் எழுந்ததன்று. அந்த வேலை செய்யப்பட்டிருக்கும் விதமே அப்படி. எமது தாய்மார் இதை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

இதில் எம்மை உறுத்தவேண்டிய செய்தி வேறொன்று. அவளது தந்தை யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடங்கள் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். எண்பதுகளில் கனடா வந்தபோது அவரது சான்றிதழ்களை எவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. உணவகமொன்றின் சமையலறையில் கோப்பை கழுவினார். மகள் படித்ததோ உயிரியல். ஆயினும் ஆங்கிலம் கற்பிக்க அவளை வருந்தி அழைக்கிறார்கள். தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஆயுள் முழுவதும் இலக்கணம் கற்பித்தவருக்கு அப்பட்டியலில் இடமில்லை. கனடாவில் பிறந்த அவரது மகளுக்கு, படித்தது எதுவாயினும், இடமுண்டு.

கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்த வேலையை நான் நம்பமாட்டேன். 2007 ஐப்பசியில் யப்பானின் மிகப்பெரிய தனியார் ஆங்கிலப் பள்ளி நிறுவனமாக இருந்த 'நோவா' முறிந்து விழுந்தது. சம்பளப் பாக்கியுடன் ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலர் இருந்த வீட்டையும் இழந்தார்கள். 2021 ஆடியில் சீன அரசு, சீனாவுக்கு வெளியே இருந்தபடி அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் சொல்லும் வெளிநாட்டாரை அமர்த்தக்கூடாது என்று அறிவித்தது. வீட்டு மேசையில் இருந்தவாறே உழைத்த பல்லாயிரவரின் வருமானம் ஒரே அறிவிப்போடு நின்றது.

அதனால் அவளிடம் நான் கேட்டது, "உனக்கு வகுப்பறை பிடித்திருக்கிறதா, அல்லது அந்த ஊர் பிடித்திருக்கிறதா?" என்பதே. வகுப்பறைதான் என்றால் அத்தொழிலை முறையாகக் கற்கவேண்டும். கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்ரா' பயிற்சி குறைந்தது 120 மணிநேரம். அதில் ஆறு மணிநேரம் உண்மையான மாணவர்முன் நின்று கற்பித்துக் காட்டவேண்டும். அது ஒரு தொடக்கம் மட்டுமே. கனடாவின் அரச பாடசாலைக்குள் நுழைய ஆசிரியர் கல்விப் பட்டம் வேண்டும். யப்பானியப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். ஊர்தான் பிடித்தது என்றால் அதற்கு வேண்டியது ஆங்கிலமன்று, யப்பானிய மொழி. ஆண்டில் இருமுறை, ஆடியிலும் மார்கழியிலும், அங்கு மொழித்தேர்ச்சிப் பரீட்சை நடக்கிறது. ஐந்து படிகளில் இரண்டாவதான என்-2 ஐயாவது தாண்டினால்தான் அலுவலகக் கதவுகள் திறக்கத் தொடங்கும். மூன்று வருடம் இருந்தும் கடைக்காரருடன் மட்டும் பேசத் தெரிந்தவர்களுக்குத் திரும்பிய பின் காட்ட ஒன்றுமிராது. திரும்புவதே முடிவானால் ஓய்வூதிய நிதிக்குக் கட்டிய பணத்தில் ஒரு தொகையைக் கேட்டுப் பெறலாம். நாட்டைவிட்டு வெளியேறி இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இதைத் தெரியாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள்.

நான் அஞ்சுவது "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்" என்ற பேச்சைத்தான். முடிவெடுக்க மனமில்லாததால் வைக்கப்படும் கையொப்பம் அது. அதைக் கண்டிக்க எமக்கு உரிமை உண்டோ என்பது வேறு கதை. இரண்டு வருடத்தில் ஊர் திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டு பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்தவர்கள்தானே நாங்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாங்கள் துரத்தப்பட்டு வந்தோம். எந்த நாடு என்பதை முகவர்தான் தீர்மானித்தார். எமது குடும்பத்தில் போகும் நாட்டைத் தானே தெரிந்தெடுத்துப் போன முதல் ஆள் இவள்தான். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை கணினிப் பொறியியலாளர்' என்று சொல்லி அவளை இழுத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவள் நான்காம் ஆண்டுக்குக் கையொப்பமிடப் போகிறாள். வரும் ஆடியில் என்-2 எழுதுவதாகவும், தேறாவிட்டால் ஐந்தாம் ஆண்டைக் கேட்பதில்லை என்றும் சொன்னாள். அறிந்த நாள்முதல் தமக்கை என்னுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அத்தான் மட்டும் தொலைபேசியை வாங்கி, அவள் எந்த இலக்கணப் புத்தகத்தை வைத்துக் கற்பிக்கிறாள் என்று கேட்டார்.