போதுமென்ற மனமும் ஒரு கைமுதல்

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் பேரேட்டைப் புரட்டினால் நம்மில் பலருக்கு உண்மை விளங்கும். சரக்கு விற்ற பணம் புத்தாடையாகவும் பலகாரமாகவும் போயிருக்கும். மொத்தக் கடை பாக்கி அப்படியே நிற்கும். நாம் பார்த்தவரையில், வியாபாரம் குறைந்து மூடிய கடைகளைவிட, கல்லாப்பெட்டியை வீட்டுப் பணமாக நினைத்ததால் மூடிய கடைகளே அதிகம்.

கிறிஸ்தவக் குடும்பங்களாகிய நமக்குச் சிக்கனம் புதிதன்று. கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுல் அப்போஸ்தலர், எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கப் பழகிக்கொண்டதாகச் சிறையிலிருந்து எழுதினார். ஆகவே மனநிறைவு பிறவிக் குணமன்று. கணக்கெழுதுவதைப் போலப் பழகிக்கொள்வது. நெல்லைச் சீமையில் நம் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைத்தார்கள். உள்ளதிலிருந்து எடுத்தார்களே தவிர, கடன் வாங்கிக் கொடுக்கவில்லை. நம் மக்களின் காணிக்கையை நம்பித்தான் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது.

வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று மனைவி மக்களோடு கலந்து முடிவு செய்வோம். வீட்டுக்கு எடுக்கும் பருப்பு, எண்ணெயையும் பற்று எழுதுவோம். சிக்கனம் கஞ்சத்தனமன்று, கொடுக்க வேண்டியவருக்குத் தவணையில் கொடுக்க வைப்பதும் அதுவே. கடன் வாங்கிப் போடும் விருந்தைவிட, கடனில்லாமல் குடிக்கும் கஞ்சிக்கு ருசி அதிகம்.