உன்னோடு பிராக்டிஸ் ஆடுபவன் யார்?

போன மாதம் எங்கள் கிரவுண்டில் ஒரு சண்டை. கைகலப்பு எல்லாம் இல்லை, வாய்ச்சண்டைதான். எங்கள் டீமில் நன்றாக ஆடும் இரண்டு பேரை, சென்னையில் லீக் ஆடும் ஒரு கிளப்பில் பிராக்டிஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவனுக்குச் சித்தப்பா வீடு அங்கே இருக்கிறது. இரண்டு பேரும் அங்கேயே தங்கிக்கொண்டு ஆறு மாதம் ஆடிப் பார்க்கிறோம் என்றார்கள். டீமைப் பல வருடமாகக் கட்டிக் காத்து வரும் அண்ணன் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஷூ வாங்கிக் கொடுத்தது நாங்க, ஆடக் கத்துக் கொடுத்தது நாங்க. இப்ப றெக்கை முளைச்சிடுச்சா?" என்றார். பாதிப் பேர் அவர் பக்கம். நான் அந்தப் பையன்கள் பக்கம். அன்றைக்கு என்னால் சரியாகப் பேச முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு டீம் எதனால் முன்னேறுகிறது? நல்ல கோச், நல்ல ஷூ, புல் இருக்கிற கிரவுண்ட், நிறைய டோர்னமென்ட் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் பிராக்டிஸில் உனக்கு எதிரே நிற்பவன் யார்? அவன் எவ்வளவு நல்லவனோ (ஆட்டத்தில்தான், குணத்தில் இல்லை :-)) அவ்வளவுதான் நீ வளர்வாய் என்பது என் கட்சி.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப்பட்டில் ஃபுட்பால் ஆடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிரிக்கெட்காரர்கள் போக மிச்சம் இருக்கிற இடத்தில் நாங்கள் ஆடுவோம். தறி வேலை முடித்து வருகிறவன், காலேஜ் விட்டு பஸ் பிடித்து வருகிறவன், கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட் போய் வருகிறவன் என்று எல்லாரும் சேர்ந்தால் பதினாலு பேர். நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் பத்து. இந்தப் பதினாலு பேரும் வருடக்கணக்கில் ஒருவரோடு ஒருவர்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஃபார்வர்ட் பையன் ஒருவன் பந்தை வலது பக்கம் தட்டிவிட்டு ஓடினால் எங்கள் டிஃபெண்டர்களால் பிடிக்க முடியாது. தினமும் அதையே செய்வான், தினமும் கோல். எங்களுக்கு அவன்தான் மெஸ்ஸி. திருத்தணிப் பக்கம் ஒரு டோர்னமென்ட்டுக்குப் போனோம். முதல் தடவை தட்டினான், எதிர் டிஃபெண்டர் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை என்ன செய்வது என்று எங்கள் ஆளுக்குத் தெரியவில்லை. அவனிடம் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். இடது பக்கம் தட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு அதுவரை வரவே இல்லை. அந்த அவசியத்தை நாங்கள் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஃபுட்பாலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே எதையும் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. சுவரில் பந்தை அடித்து அடித்து ஃபர்ஸ்ட் டச்சை ஓரளவுக்குப் பழகலாம். ஆனால் சுவர் உன்னைத் துரத்தாது. பந்து காலுக்கு வரும்போதே ஒருவன் முதுகில் மோதினால் என்ன செய்வாய் என்பதை ஆள் இருந்தால்தான் பழக முடியும். ஐந்து பேர் வட்டமாக நின்று பாஸ் செய்ய, நடுவில் இரண்டு பேர் பந்தைப் பறிக்கப் பார்ப்பார்களே, ரோண்டோ என்பார்கள். பார்சிலோனா மாதிரி டீம்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. அந்த வட்டத்தில் பாஸ் மெதுவாக வந்தால் மெதுவான பந்தை வாங்கத்தான் கால் பழகும். நடுவில் நிற்கிற இரண்டு பேர் சோம்பேறி என்றால், தலையைத் தூக்கி முன்கூட்டியே பார்க்கிற பழக்கம் வெளியில் நிற்கிற ஐந்து பேருக்குமே வராது. அங்கே ஒருவனுடைய தரம் மற்ற எல்லாருடைய தரத்தையும் தொடுகிறது.

சரி, ஊர்க்கதை போதும். தமிழ்நாட்டில் நடந்த ஒரு உண்மைக் கதைக்கு வருவோம்.

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற டீம் ஞாபகம் இருக்கிறதா? பேர்தான் சென்னை, ஹோம் மேட்ச் எல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீக்கில் பத்து டீமில் எட்டாவது இடம். அந்த சீசனின் முதல் மேட்ச்சில், 2017 நவம்பரில், இந்தியன் ஆரோஸிடம் 0-3 என்று தோற்றார்கள். ஆரோஸ் என்பது இந்திய ஃபுட்பால் சம்மேளனம் நடத்திய சின்னப் பையன்கள் டீம். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடி முடித்துவிட்டு வந்த பையன்கள்.

அடுத்த சீசனில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினில் இருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என்று நான்கு பேர் வந்தார்கள். இவர்கள் யாரும் ரியல் மாட்ரிட்டில் ஆடியவர்கள் இல்லை. ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர்கள். அவர்களைச் சுற்றி ஆடியது எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், மைக்கேல் ரெஜின் என்று நம் பையன்கள். 2018 அக்டோபரில் சீசனின் முதல் மேட்ச், அதே ஆரோஸுடன். இந்தத் தடவை 4-1 வெற்றி, மான்சி மூன்று கோல். 2019 மார்ச் 9, கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாப் எதிரே. ஜெயித்தால் கப் நிச்சயம், இல்லையென்றால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடலாம். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டு 3-1 என்று ஜெயித்தார்கள். 20 மேட்ச்சில் 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மான்சி சீசன் முழுக்க 21 கோல். ஆனால் அந்தக் கடைசி மேட்ச்சில் இரண்டு கோல் போட்டது அசாம்காரரான கவுரவ் போரா!

"அதான் நாலு வெள்ளைக்காரன் வந்து ஜெயிச்சுக் கொடுத்தான்" என்று சொல்லலாம். கோல் கணக்கை மட்டும் பார்த்தால் அது பாதி உண்மை. ஆனால் மேட்ச் 20 நாள்தான். மீதி நாளெல்லாம் பிராக்டிஸ். அந்த நாட்களில் அஜித்குமார் தடுக்க வேண்டியிருந்தது மான்சியை. ரொமாரியோ பந்து வாங்கியது நெஸ்டர் காலிலிருந்து. அதற்குப் பிறகு எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருவுக்கும் போய் ஐ.எஸ்.எல். ஆடினார்கள். அந்த கிளப் இன்றைக்கு ஐ-லீக்கில் இல்லை. அங்கே பழகிய கால்கள் மட்டும் வேறு வேறு ஊர்களுக்குப் போயின. நான் காமர்ஸ் படிக்கிறவன், அதனால் இப்படித் தோன்றுகிறது: ஸ்பானியர்களுக்குக் கொடுத்த சம்பளம் செலவுக் கணக்கில் வரும். அவர்கள் பக்கத்தில் நின்று நம் பையன்கள் கற்றுக்கொண்டது எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் சொத்து அதுதான்.

கோச் மாறியதும் ஒரு காரணம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கோச் எவ்வளவு நல்ல பயிற்சி யோசித்துக் கொண்டுவந்தாலும் அதை ஆடிக் காட்ட ஆள் வேண்டும். "பிரஸ் பண்ணு" என்று போர்டில் எழுதலாம். ஒழுங்காக பிரஸ் செய்கிறவன் எதிரே இருந்தால்தான் அதிலிருந்து தப்பிக்கிற வித்தை வரும்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. நல்லவனோடு பிராக்டிஸ் செய்துவிட்டு மேட்ச்சில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பிரயோஜனம் இல்லை. ஐ.எஸ்.எல். 2014-இல் ஆரம்பித்தபோது களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். 2017-18-இல் அது ஐந்து ஆனது, 2021-22-இல் நான்கு. ஏன் குறைத்தார்கள்? நம் ஆட்களுக்கு, முக்கியமாக ஃபார்வர்ட் இடத்தில், ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை என்ற புகார்தான். ஆரோஸ் கதை அதற்கு நேர் எதிர். பையன்கள் பையன்களோடேயே பிராக்டிஸ் செய்து, மேட்ச்சில் பெரியவர்களோடு மோதினார்கள். 2017-18-இல் கடைசி இடம், 18 மேட்ச்சில் 15 பாயிண்ட். ஆனால் அந்த டீமில் இருந்த சுரேஷ் சிங், ஜீக்சன் சிங், அன்வர் அலி மூவரும் பிறகு இந்திய சீனியர் டீமுக்கே வந்தார்கள். ஆக, கஷ்டமான எதிராளி பிராக்டிஸிலோ மேட்ச்சிலோ எங்கேயாவது கிடைக்க வேண்டும். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் எங்களைப் போலத்தான், உள்ளூர் மெஸ்ஸியாகவே இருக்க வேண்டியது.

"நாங்க எங்கேடா போய் ஸ்பானியனைக் கூட்டிட்டு வர்றது?" என்று அண்ணன் கேட்பார். வேண்டாம் அண்ணே. வியாசர்பாடியைப் பாருங்கள். முல்லை நகர் மைதானத்தில் ஆடிய பையன்கள் ஸ்பானியன் யாரையும் பார்த்து வளரவில்லை. தனபால் கணேஷ் அங்கிருந்து சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், 2018-இல் ஐ.எஸ்.எல். கப் ஜெயித்த டீமில் இருந்தார். நந்தகுமார் சேகர் அங்கிருந்துதான் ஈஸ்ட் பெங்கால் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரே கோல் போட்டு கொல்கத்தாவையே அலற வைத்தார். அங்கே ஒரே மைதானத்தில் பொடியனும் பெரியவனும் சேர்ந்து ஆடுகிறார்கள். பத்து வயதுக்காரனுக்குத் தன்னைவிட இரண்டு படி மேலே இருக்கிறவன் எப்போதும் கண் முன்னே இருக்கிறான். கன்னியாகுமரிக் கடலோரக் கிராமங்களிலும் இதே கதைதான். இரயுமன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18-இல் சென்னை சிட்டியின் நட்சத்திரம். 2018-இல் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். டீம் கவிழ்ந்ததா? அடுத்த சீசனில்தான் கப்பே ஜெயித்தார்கள், அதில் அவர் சகோதரர் ரெஜினும் உண்டு. நல்லவன் ஒருவன் போனால் டீம் அழிந்துவிடும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டு படி என்று சொன்னேன், கவனித்தீர்களா? இருபது படி வேண்டாம். மான்சியைக் கொண்டுவந்து எங்கள் டிஃபெண்டர்கள் முன் நிறுத்தினால் அவர்கள் பந்தையே பார்க்க மாட்டார்கள், எதையும் கற்றுக்கொள்ளவும் மாட்டார்கள். பத்துத் தடவையில் ஏழு தடவை தோற்று மூன்று தடவை ஜெயிக்கிற மாதிரி ஆள்தான் சரியான ஆள். இந்த ஏழுக்கு மூன்று என் சொந்தக் கணக்கு, ஆராய்ச்சி எல்லாம் இல்லை.

இதில் இன்னொரு தப்பையும் நாங்கள் செய்கிறோம். சரியாக ஆடாத பொடியன்களைத் தனியாக ஓரத்தில் ஆட விட்டுவிடுகிறோம். "அவனுங்க வந்தா ஆட்டம் கெட்டுப் போகுது" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் நாளைக்கு ஷிஃப்ட் மாறி நான்கு பேர் வராமல் போனால் எங்களுக்கு எதிரே நிற்கப் போவது அந்தப் பொடியன்கள்தானே? அவர்களை வளர்க்காமல் விட்டால் குறையப் போவது எங்கள் தரம்தான். நல்லவனுக்கு ஆட்டம் சுலபமாக இருந்தால் கஷ்டமாக்கிக் கொள்ளலாம். அவன் இரண்டு டச்சுக்கு மேல் எடுக்கக் கூடாது, இடது காலால் மட்டும் ஆட வேண்டும், ஐந்து பேராக ஏழு பொடியன்களோடு மோத வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை. கொஞ்சம் கௌரவத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு பையன்களுக்கு வருகிறேன். அவர்களை இங்கேயே பிடித்து வைத்தால் என்ன ஆகும்? இன்னும் இரண்டு வருடம் எங்களைத் தாண்டித் தாண்டி கோல் போடுவார்கள். நாங்கள் கை தட்டுவோம். அப்புறம் அவர்களும் ஏதாவது கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். போக விட்டால்? ஆறு மாதம் தினமும் தோற்பார்கள். பெஞ்சில் உட்கார வைக்கப்படலாம், மனசு உடையலாம், திரும்பியும் வரலாம். ஆனால் ஊருக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கிரவுண்டில் இதுவரை இல்லாத ஒரு எதிராளி நிற்பான். அவனைத் தடுக்கப் போய் எங்கள் டிஃபெண்டர் ஒருவன் காலை நீட்டக் கற்றுக்கொண்டால், எங்களுக்கும் அது லாபம்தான்.

அண்ணனிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று. அண்ணே, நீங்க ஷூ வாங்கிக் கொடுத்தது அவங்க ஓடறதுக்குத்தானே? ஓட விடுங்க. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோட ஆடணும்னு மட்டும் ஒரு கண்டிஷன் போடுங்க. மத்த நாள் அந்தப் பொடியன்களைக் கூப்பிட்டு எங்களுக்கு எதிரே நிறுத்துங்க. முதல் ஆளா நானே வந்து டிஃபென்ஸில் நிற்கிறேன், என்னைத் தாண்டிப் போகட்டும்.